அளவுக்கு ஒரு ஆள்

குடைத்துணி தைப்பது பார்க்கத்தான் சுலபம், ஐயா. ஊசி கொஞ்சம் தடித்துவிட்டால் துளை பெரிதாகிக் காற்று ஒழுகும். நூலை இறுக்கினால் துணி முகத்தைச் சுளித்துக்கொள்ளும். இருபத்தைந்து வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். கவனமில்லாமல் நான் போட்ட தையல் என்று ஒன்றுகூடக் கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

யாரும் என்னை இழுத்துக்கொண்டு வரவில்லை. தைத்து முடித்த துணிகளைப் பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் ஒப்படைத்தேன். தைக்காதவற்றை அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுத்தேன். கடையைப் பூட்டிக்கொண்டு நானே இந்தக் காவல் நிலையத்துக்கு நடந்து வந்தேன். வாசலில் நின்ற காவலர், எதையோ தொலைத்துவிட்டுப் புகார் கொடுக்க வந்தவள் என்று நினைத்து, "என்னம்மா காணாமப் போச்சு?" என்று கேட்டார். உங்களைப் பார்க்க வேண்டும் என்றேன்.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். முதல் என்றால் என் தம்பிதான்.

அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது. எனக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கு முன்பே இல்லை. அவனுக்கு முடி வெட்டிவிட்டது, பல் விழுந்தபோது ரத்தத்தைத் துடைத்தது, இருட்டில் கழிப்பறைக்குக் கூடப் போய் வெளியே நின்று பாட்டுப் பாடியது எல்லாம் நான்தான். குறையாகச் சொல்லவில்லை. நடுவில் ஒருவர் என்னைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். மின்சார வேலை பார்ப்பவர், நல்ல மனிதர். "தம்பிய ஏதாவது விடுதில சேத்துடலாமே" என்று ஒரு நாள் சொன்னார். அதைத் தவிர அவர் தவறாக எதுவும் பேசியதில்லை. அவர் தைக்கக் கொடுத்திருந்த கால்சட்டையை ஓரம் மடித்து அடிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். புரிந்துகொண்டார்.

தம்பி வளர்ந்து கேமராவும் கைபேசியும் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டான். என் கடையையே இரண்டாகத் தடுத்துக்கொண்டோம். ஒரு பக்கம் என் தையல் மிஷின், மறு பக்கம் அவன் மேசை. நடுவில் ஒரு பலகைத் தட்டி. அவன் இருமினால் எனக்குக் கேட்கும். நான் கத்தரியைக் கீழே வைத்தால் அவனுக்குச் சாப்பாட்டு நேரம் என்று தெரியும். மனிதருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தப் பெண் வந்தது உடைந்த கேமராவோடு. நில அளவை அலுவலகத்தில் வேலை. இடுப்பில் எப்போதும் அளவு நாடா தொங்கும். அதனால் தம்பி அவளுக்கு 'டேப்பு' என்று பெயர் வைத்தான். அது பிறகு. முதல் நாள் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான்.

"எப்படி உடைஞ்சுது?" என்றான்.

"தண்ணித் தொட்டி மேல ஏறி, அந்த வறண்ட ஏரியப் படம் எடுத்தேன். கை நழுவிடுச்சு."

"தொட்டி மேலயா? விழுந்திருந்தா?"

"கேமராதானே விழுந்துச்சு. நான் விழலையே. ஆனா உயரம் பத்தல. ஏரி முழுசா வரல. இன்னும் மேல வேணும்."

"எவ்வளவு மேல?"

"நீங்க எவ்வளவு மேல கொண்டு போவீங்க?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இருபது வருடமாக அவனுடைய எல்லாச் சத்தமும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பறக்கும் கேமராவை வாடகைக்கு எடுக்கலாமே என்று அவளே ஒரு நாள் சொன்னாள். "வாடகைக்கு எடுத்தா அது வேலை. நாமளே செஞ்சா..." என்றான். முடிக்கவில்லை. முடிக்காமல் விடும் பேச்சை அவன் என்னிடம் பேசியதே இல்லை.

இப்படித்தான் ராக்கெட் வந்தது. விளையாட்டுச் சாமான் என்றுதான் முதலில் நினைத்தேன். தடித்த காகிதத்தைப் பசையில் நனைத்து, ஒரு குழாயின் மேல் சுற்றிச் சுற்றிக் காயவைத்து உடம்பு செய்தான். மெல்லிய பலகையை இழைத்து வால் இறக்கைகள். மூக்கை மரக்கடைசல்காரரிடம் கொடுத்துக் கடைந்து வாங்கினான். அந்த மூக்குக்குள் அவள் வாங்கிக் கொடுத்த சின்னக் கேமரா. முனையில் ஒரு கண்ணாடி வட்டம், அதன் வழியாகக் கேமரா பார்க்கும். ஏறும்போது வானத்தைப் படம் எடுக்கும், உச்சிக்குப் போய்த் தலைகீழாகத் திரும்பியதும் பூமியை எடுக்கும். அந்த நேரத்தில் உள்ளே சின்னதாக ஒரு வெடி வெடித்து, ராக்கெட் நடுவில் இரண்டாகப் பிரியும். இரண்டையும் ஒரு கயிறு பிடித்துக்கொண்டிருக்கும். நடுவிலிருந்து பாராசூட் விரிந்து எல்லாவற்றையும் மெதுவாக இறக்கும். அந்தப் பாராசூட்தான் என் வேலை. ஆரஞ்சு நிறக் குடைத்துணி. தூரத்தில் தெரிய வேண்டும் என்று அவன் கேட்ட நிறம்.

முதல் ராக்கெட் சரியாகப் பிரியவில்லை. வறண்ட ஏரியில் வந்து குத்தியது. நான்தான் பிடுங்கி எடுத்தேன். முழங்கை வரைக்கும் கையை விட வேண்டியிருந்தது. தம்பி அன்றைக்கே ஒரு சட்டம் போட்டான்.

"இனிமே ஒருத்தருக்கு வானத்தப் பாக்கிறது மட்டும்தான் வேலை. வேற எதுவும் செய்யக் கூடாது. தப்பா வந்தா விசில் ஊதணும். சத்தம் கேட்டதும் எல்லாரும் எந்திரிச்சு ஓடிடணும்."

"யாரு பாக்கிறது?" என்றாள் அவள்.

"அக்காதான். இன்னும் கண்ணாடி இல்லாம ஊசிக்கு நூல் கோக்கிறாங்க."

எனக்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்றும் விசில் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார்கள். நிழல் விழுந்தால் படத்தில் அளவு கெட்டுவிடும் என்று உச்சிவெயிலில்தான் பறக்க விடுவார்கள். அந்த வெயிலில் வெறும் கண்ணால் யாரும் மேலே பார்க்க முடியாது. அதனால்தான் என் வேலை முக்கியம். ஏரிக்கரை மேல் ஓரமாக நிற்பேன். தம்பி எதிர்ப்பக்கம் வண்டிக்குப் பக்கத்தில், தொப்பி போட்டுக்கொண்டு, ராக்கெட்டை ஏவும் பொத்தானோடு நிற்பான்.

அவள் எங்கே இருப்பாள் என்று கேட்கிறீர்கள். நடுவில். படுத்திருப்பாள்.

சிரிக்காதீர்கள், ஐயா. நானும் முதலில் சிரித்தேன். மேலிருந்து எடுத்த படத்தில் எது எவ்வளவு பெரிது என்று தெரிய, அளவு தெரிந்த ஒரு பொருள் தரையில் வேண்டுமாம். நான் ஒரு வெள்ளை விரிப்பு தைத்துக் கொடுத்தேன். அதுவே போதும். அதன் நீள அகலம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவள் அதன் மேல் கைகளை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்வாள். "அளவுக்கு ஒரு ஆள் வேணும்ல" என்பாள். தம்பி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆபத்து, எந்திரி" என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டே, "அதான் அக்கா பாத்துக்குவாங்களே. விசில் கேட்டா உருண்டு ஓடிடுவேன்" என்றாள்.

என்னை நம்பினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாலையில் படங்களைத் தம்பியின் மேசையில் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். வெடிப்புவிட்ட ஏரி, கரை, வண்டி, நடுவில் வெள்ளைக் கட்டத்துக்குள் கை விரித்த ஒரு சின்ன உருவம். படத்தில் தான் எத்தனை புள்ளி நீளம் என்று அவள் எண்ணுவாள். "போன வாரம் நாப்பது புள்ளி இருந்தேன். இப்ப நாப்பத்திரண்டு. அக்கா சாப்பாடு போட்டுப் போட்டு என்னை நீளமாக்கிட்டாங்க" என்பாள். தம்பி அந்தப் படங்களைத் தட்டியில் ஒட்டினான். அவன் பக்கத்தில். எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். நான் எதிலும் இல்லை. நான் நின்ற இடம் படத்துக்கு வெளியே.

அவள் கெட்டவள் இல்லை. ஒரு நாள் என் வெட்டு மேசையை நாடா வைத்து அளந்து, "அக்கா, இது உங்களுக்கு ரெண்டு அங்குலம் குள்ளம். அதான் முதுகு வலிக்குது" என்றாள். மறுநாள் நான்கு மரக்கட்டைகளைக் கொண்டுவந்து கால்களுக்கு அடியில் வைத்தாள். அந்தக் கட்டைகள் இன்றும் இருக்கின்றன. அதற்குப் பிறகு எனக்கு முதுகு வலித்ததே இல்லை.

பிறகு அவளுக்கு மாற்றல் வந்தது. தூரத்து ஊர். ஒரு மதியம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள். அந்த ஊர் அளவை அலுவலகத்தில் கருவிகளைப் பழுது பார்க்க ஆள் தேவையாம். மேலதிகாரி தம்பி எடுத்த படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். ஏரி முழுவதையும் பிசிறில்லாமல் ஒரு தடவை எடுத்துக் காட்டினால் வேலை நிச்சயம். தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காது சிவந்திருந்தது. சின்ன வயதில் என்னிடம் எதையாவது மறைத்தால் அப்படித்தான் சிவக்கும்.

அவள்தான் பேசினாள். "அண்ணி, நீங்களும் எங்க கூட வந்துடுங்க. ரெண்டு அறை வீடு பாத்திருக்கோம். வெளிச்சமான அறை உங்களுக்கு. மிஷின் போட்டுக்கலாம்."

அண்ணி என்றாள். அதுவரை அக்கா. இரண்டும் மரியாதையான சொற்கள்தான். ஆனால் அண்ணி என்று என்னை ஒருத்தி கூப்பிட வேண்டுமென்றால் அவளுக்கும் எனக்கும் நடுவில் என் தம்பி நிற்க வேண்டும், அவள் பக்கமாகத் திரும்பி. என் தம்பியின் வீட்டில் எனக்கு ஒரு அறை தருகிறாள். பெரிய மனதுதான். "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினேன்.

கேமரா உடைந்தால் படம் இல்லை. படம் இல்லையென்றால் வேலை இல்லை. அவள் போவாள், இவன் இருப்பான். மீதியைத் தூரம் பார்த்துக்கொள்ளும். இவ்வளவுதான் நான் போட்ட கணக்கு. இதில் யாருக்கும் காயம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அன்று காலையில் தம்பி பாராசூட்டை என் வெட்டு மேசையில் வைத்து மடித்தான். மடிப்பதை மட்டும் அவன் யாரிடமும் விடமாட்டான். கயிறுகளை நீவி, துணியை விசிறிபோல் மடித்து, சுருட்டி, ஒரு குழந்தையைப் படுக்கவைப்பதுபோல வைத்தான். "அக்கா, இதைப் பாத்துக்கோ. வண்டிய எடுத்துட்டு வந்துடுறேன்" என்று போனான். நான் ஆரஞ்சு நூல் கோத்து, சுருளின் உள்மடிப்பில் மூன்று தையல் போட்டேன். உள்ளே போட்டதால் வெளியில் தெரியாது. ஒவ்வொன்றையும் பின்னுக்கு இழுத்து முடிச்சிட்டேன். அவன் வந்து அப்படியே எடுத்துக் குழாய்க்குள் வைத்தான்.

ஏரியில் நல்ல வெயில். காற்று வழக்கத்துக்கு மாறாக இருந்ததால் விரிப்பை என் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள். அவள் படுத்துக்கொண்டு தலையை மட்டும் தூக்கி, "அண்ணி, தூங்கிட்டேன்னா எழுப்பி விடுங்க" என்றாள். கைகளை விரித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

தம்பி பொத்தானை அழுத்தினான். அழகாக ஏறியது. அதைப்போல நேராக வேறு எதுவும் ஏறியதில்லை. உச்சியில் சின்னதாக ஒரு புகை. இரண்டாகப் பிரிந்ததும் தெரிந்தது. தம்பி தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு, காற்று போகும் திசையில் ஆரஞ்சு நிறத்தைத் தேடினான். எப்போதும் அங்கேதான் அது தெரியும். நான் அங்கே பார்க்கவில்லை. ஆரஞ்சு வராது என்று எனக்குத் தெரியும்.

அது எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஐயா. நான் குறிவைத்ததாக எழுதினால் அது பொய். ஏரி பெரியது. முதலில் கரைக்கு அப்பால் போய்விடும் என்று நினைத்தேன். பிறகு, போகாது என்று தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் நேரம் இருந்தது. ஒரு ஊசியில் நூல் கோத்துவிடலாம், அவ்வளவு நேரம்.

நடந்ததை நீங்கள் பழைய கோப்பில் படித்திருப்பீர்கள். நான் விசில் ஊதினேன். தம்பியும் விசாரணையில் அப்படித்தான் சொன்னான், விசில் சத்தம் கேட்டது என்று. அது உண்மை. விழுந்த பிறகு ஊதினேன். ஊதாமல் இருந்திருந்தால் ஏன் ஊதவில்லை என்று கேட்டிருப்பார்கள்.

அவன் ஓடி வந்து விரிப்பின் மேல் மண்டியிட்டான். அவளைத் தூக்கவும் இல்லை, தொடவும் இல்லை. இரண்டு கையையும் அவளுக்கு மேல் நீட்டிக்கொண்டே இருந்தான், எங்கே பிடிப்பது என்று தெரியாதவன் மாதிரி. "அக்கா, அவ ஏன் எந்திரிக்கல?" என்று கேட்டான்.

"ஊதினேன்பா. கேக்கல போல" என்றேன்.

அவன் கை கால்கூடக் கழுவாமல் உங்கள் நிலையத்துக்கு வந்து, "நான்தான் மடிச்சேன், என் தப்பு" என்று சொன்னான். விபத்து என்று முடித்து, எச்சரித்து அனுப்பினார்கள். ராக்கெட்டையும் கேமராவையும் ரத்தம் பட்ட பாராசூட் சுருளையும் ஒரு பையில் போட்டுக் கட்டி வைத்தார்கள். யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. யார் பிரிப்பார்கள்?

பிறகு ஆறு வருடம். நல்ல வருடங்கள் என்றுதான் சொல்வேன். அவன் எங்கும் போகவில்லை. தட்டியிலிருந்த படங்களைக் கழற்றி என்னிடம் கொடுத்து, எரித்துவிடச் சொன்னான். எரித்தேன். கேமரா வேலையை விட்டுவிட்டுக் கைபேசி மட்டும் பார்த்தான். தெருவில் நடந்தால் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடப்பான். உச்சிவெயிலில் வெளியே வரமாட்டான். நான் குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். மறுபடி ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். எனக்கு அதில் சிரமம் ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு கேள்விதான் கேட்பான். சாப்பிடும்போது, முடி வெட்டிக்கொள்ளும்போது, நடுவில் எப்போதாவது.

"அக்கா, நான் சரியாத்தானே மடிச்சேன்? நீ பாத்தல்ல?"

"தெரியலப்பா. அவசரத்துல எங்கேயாவது கயிறு மாட்டியிருக்கும். மனுஷன்தானே. விடு."

அவன் தலையாட்டுவான். கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிடத் தொடங்குவான். நான் அவனைக் குற்றம் சொன்னதே இல்லை. ஒரு தடவைகூட.

அவள் அப்பா ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். அவர் வருடத்துக்கு ஒரு முறை, அவள் போன நாளில் வருவார். முதல் தடவை என் கடை வாசலில் நின்று, "அந்தப் பையனப் பாக்கணும்மா. அவன் மேல எங்களுக்கு எதுவும் இல்லன்னு சொல்லணும். அவளுக்கு அவன்னா உசுரு" என்றார். "தூங்குறான், இப்ப பாத்தா தாங்க மாட்டான்" என்றேன். உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தான். அவர் ஒரு பை ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி எழுந்து, யார் வந்தது என்று கேட்டான். "அவ அப்பா. என்னென்னமோ பேசிட்டுப் போறாரு. நீ வெளிய வராத" என்றேன். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். ரொட்டி நன்றாக இருக்கும். அவன் விரும்பிச் சாப்பிடுவான். யார் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

இந்த வருடம் அவர் நாள் பார்க்காமல் வந்துவிட்டார். நான் நூல் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது இருவரும் தம்பியின் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவரின் கை தம்பியின் முதுகில் இருந்தது. மேசை மேல் அட்டைப்பெட்டி. கேமரா அவள் வாங்கியது என்பதால் பையோடு சேர்த்து எல்லாவற்றையும் நிலையத்திலிருந்து அவர் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்களாம். அதை வைத்துக்கொள்ளவும் முடியாமல் எறியவும் முடியாமல், இவனிடமே கொடுக்கலாம் என்று கொண்டுவந்திருந்தார்.

"வருஷா வருஷம் வந்தேனே தம்பி. நீ தூங்குறன்னு சொன்னாங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். ஆறு வருடத்தில் அவன் எதையாவது நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் முறை.

பெரியவர் போனபிறகு பிற்பகல் முழுவதும் தட்டிக்கு அந்தப் பக்கம் திருகாணி கழற்றும் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஒரு பள்ளிச் சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் எழுந்து வந்து, பாராசூட் சுருளை என் மிஷின் மேல் வைத்தான். ஆரஞ்சு பழுப்பாகியிருந்தது.

"அக்கா, இது பிரிய மாட்டேங்குது. பிரிச்சுக் குடு."

நான் வாங்கிக்கொண்டேன். பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்து, நூலை இழுத்து எடுத்தேன். துணிக்குச் சேதமில்லாமல். அதனால் இப்போது நான் உங்களிடம் கொடுத்திருக்கும் துணியில் தையலைக் காண முடியாது, துளைகள் மட்டும் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அவன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முடிச்சு அவனுக்குத் தெரியும். அவன் போட்ட சட்டைகள் எல்லாவற்றிலும் அதுதான் இருந்தது.

பிறகு அவன் கைபேசியை நீட்டினான். கேமரா நொறுங்கியிருந்தாலும் உள்ளே படம் பதியும் சின்ன அட்டை கெடவில்லை. கீழே வரும்போதும் அது படம் எடுத்துக்கொண்டேதான் வந்திருக்கிறது. அந்த அட்டையையும் உங்களிடம் கொடுத்துவிட்டேன், எனவே நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் விரிப்பு பெரிதாகிக்கொண்டே வருகிறது. கைகள் விரிந்திருக்கின்றன. கடைசிக்கு முந்தியதில் அவள் முகம் தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு, லேசாகச் சிரித்தபடி. வெயில் முகத்தில் படும்போது எல்லோரும் செய்வதுதான்.

தம்பி அதைக் காட்டவில்லை. ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். அந்தத் தடவை விரிப்பு என் பக்கம் தள்ளியிருந்ததால் நானும் படத்தில் விழுந்திருந்தேன். அவனுடைய படங்களில் நான் இருப்பது அது ஒன்றில்தான்.

"மேலருந்து பாத்தா ஆளுங்க தலைமுடிதான் தெரியும், அக்கா. கறுப்பா இருக்கும். நான் தொப்பி போட்டிருக்கேன், அது தெரியுது. இங்க ஒண்ணு வெளுப்பா இருக்கு. இது முகம்."

"ஆமா."

"நேரா பாத்துட்டு இருந்திருக்க."

"ஆமா."

"வெயில் கண்ணக் கூசுச்சு, ஆரஞ்சத் தேடிட்டு இருந்தேன், கடைசிலதான் பாத்தேன்னு சொன்ன."

"சொன்னேன்."

"விசில் எங்க இருந்துச்சு?"

"வாயில."

அவன் தையல் பிரித்த துணியைக் கையில் எடுத்துக்கொண்டான். அதை மடிக்கத் தொடங்கினான். கயிறுகளை நீவினான், விசிறி மாதிரி மடித்தான், சுருட்டினான். பிறகு உதறினான். அது காற்றில் விரிந்து மெதுவாகத் தரையில் இறங்கியது. மறுபடி மடித்தான், உதறினான், விரிந்தது. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் அங்கேயே தரையில் உட்கார்ந்து அந்தத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "சரியாத்தான் மடிச்சிருக்கேன்" என்றான். என்னிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னான்.

அவன் அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தண்ணீர் கொண்டுவரப் போனேன். திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. துணியும் அட்டையும் தரையில் கிடந்தன, அவன் இல்லை.

இப்போது நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். மூன்று தையலும் நான் போட்டதுதான். கேமரா உடையட்டும் என்று போட்டேன். விழுவதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். அவள்மேல்தான் விழும் என்று தெரிந்த பிறகும் நேரம் இருந்தது. விசில் உதட்டில் இருந்தது, மூச்சும் இருந்தது. ஊதினால் அவள் எழுந்து ஓடிவிடுவாள். மாலையில் மூவரும் சேர்ந்து சாப்பிடுவோம். ராக்கெட்டை அவன் மறுபடி செய்வான். அடுத்த வாரமோ அதற்கு அடுத்த வாரமோ அவர்கள் போய்விடுவார்கள். இவ்வளவையும் அந்த நேரத்துக்குள் நினைத்துப் பார்த்தேன். அவசரப்பட்டோ பதறிப்போயோ செய்ததாக எழுத வேண்டாம். நினைத்துப் பார்த்து, ஊதாமல் இருந்தேன். அவளைக் கொன்றது நான்.

அவள்மேல் கோபமா என்று கேட்டீர்கள். இல்லை. அவள் வேறு யாருடைய தம்பியையாவது விரும்பியிருந்தால் அவளுக்கு நானே துணி தைத்துக் கொடுத்திருப்பேன்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இன்னும் ஒன்றே ஒன்று. தம்பி இப்போது அந்தப் பெரியவர் வீட்டில் இருக்கிறானாம். விடிந்ததும் மாவு பிசைய அவர்கூட நிற்கிறானாம். நேற்று மதியம் ரொட்டிக்கடை வாசலில் வெயிலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். இதெல்லாம் இரண்டு மூன்று நாள் கோபம். என்னை எந்த ஊர்ச் சிறைக்கு அனுப்பினாலும், ஒரே பேருந்தில் வரும்படியான இடமாகப் பாருங்கள். அவனுக்குத் தனியாகப் பேருந்து மாறி வரத் தெரியாது. வந்தால் வாசலில் வெயிலில் நிற்கவைக்காதீர்கள். ஒன்றும் சாப்பிடாமல்தான் வருவான். கட்டாயம் வருவான், ஐயா. என்னை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?